வெளியே அனுப்புவதற்கு முன்பாக: வாக்குச்சாவடிப் பணிக்கு வரும் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, அரசு ஊழியர்களே,

வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோது எனக்கு வயது 20. அதுதான் என் முதல் வாக்கு. அன்று எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில், என் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டது என்று சொல்லப்பட்டபோது எனக்கு நேர்ந்ததை இந்த மடலில் எழுதுகிறேன். எந்த ஊர், எந்தச் சாவடி, யார் பணியில் இருந்தார்கள் என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அன்று அந்த மேசையில் இருந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமில்லை. அடுத்த தேர்தலில் அதே நாற்காலியில் உங்களில் வேறு யாரோதான் உட்காரப் போகிறீர்கள்; அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்கும் அதுவே காரணம். விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை மேசைக்கு எதிரே நிற்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நான் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போடுவதற்காகவே முந்தைய நாள் இரவு பேருந்து ஏறினேன். உட்கார இடம் இல்லை. மதுரை வரை நின்றுகொண்டே வந்தேன். என்னைப் போலவே பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பையன்கள் பலரும் முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவர்கள். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் 18, 19 வயதில் புதிதாகப் பட்டியலில் சேர்ந்தவர்கள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். எங்களை ஓட்டுப் போட வாருங்கள் என்று அழைத்துக் கல்லூரிக்குக் கல்லூரி கோலம் போட்டார்கள், உறுதிமொழி எடுக்க வைத்தார்கள், ஜனவரி 25-ஆம் தேதி தேசிய வாக்காளர் நாளில் மேடை போட்டுப் பேசினார்கள். வாக்குச்சாவடிக்குள் நுழைந்த பிறகு ஏதாவது தவறாக நடந்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

என் ஆச்சிக்கு அப்போது 75 வயது. 21 வயது நிறைந்தால்தான் ஓட்டு என்றிருந்த காலத்தில், 1971 தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டவர். அதன் பிறகு ஒரு தேர்தலையும் தவறவிடாதவர். அன்று காலை ஏழு மணிக்கே வரிசையில் முதல் ஆளாக நின்று போட்டுவிட்டு வந்து, இடக்கை ஆள்காட்டி விரலை எனக்கு நீட்டிக் காட்டினார். நகத்தின் ஓரத்தில் மை இன்னும் ஈரமாக மினுங்கியது. "வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வா தாயி" என்றார். நான் குளித்துச் சாப்பிட்டுப் புறப்படப் பதினொரு மணி ஆகிவிட்டது.

ஊரெல்லாம் பழக்கப்பட்ட அதே பள்ளி. அ, ஆ எழுதிய சுவர், சின்னப் பிள்ளைகளுக்கான குட்டைப் பெஞ்சுகள், வாசலில் சாய்தளம், ஒரு பானைத் தண்ணீர். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் அதைத் தம்பியிடம் கொடுத்திருந்தேன். என் முறை வந்ததும் வாக்காளர் அட்டையையும் தகவல் சீட்டையும் நீட்டினேன். முதல் மேசையிலிருந்த அலுவலர் வரிசை எண்ணைப் பார்த்து, பட்டியலின் பக்கத்தைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒன் ஓட்டு ஏற்கெனவே விழுந்துட்டேம்மா. காலையிலேயே போட்டாச்சுன்னு இருக்கு" என்றார்.

நான் இப்போதுதான் வருகிறேன் என்றேன். இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, அதட்டவும் இல்லை. பட்டியலைத் திருப்பி என் பக்கம் காட்டினார். 412-ஆம் எண்ணில் என் பெயர், என் அப்பாவின் பெயர், பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்த மங்கலான என் படம், அதன் மேல் அடித்த ஒரு கோடு. "பாத்தியா, நான் என்ன செய்ய முடியும்? பின்னாடி வரிசை நிக்குது, வெளியே போம்மா" என்றார். எனக்குப் பின்னால் நின்ற அத்தை ஒருவர் மெதுவாக என் தோளைத் தொட்டு நகர்த்தினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அலுவலர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பட்டியலில் கோடு இருந்தது, வரிசை காத்திருந்தது. ஆனால் "வெளியே போ" என்ற சொல்லுக்கு அந்த விநாடியில் அவர் நினைத்ததைவிடப் பெரிய பொருள் இருந்தது. 20 வயதுப் பெண் ஒருத்திக்கு, நான்கு அலுவலர்களும் ஐந்தாறு முகவர்களும் காவலரும் பார்த்துக்கொண்டிருக்கும் அறையில், அதிகாரி ஒருவர் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது முடிந்துவிட்டதுதான். எதிர்த்துக் கேட்கும் துணிச்சல் இருந்தாலும், என்னவென்று கேட்பது என்று தெரியாது. தெரிந்துகொள்ளக் கைப்பேசியும் கையில் இல்லை. வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளில் வேட்பாளர் பட்டியலும், அடையாளத்துக்கு ஏற்கப்படும் ஆவணங்களும், எந்திரத்தில் எப்படி வாக்களிப்பது என்பதும் இருந்தன. உங்கள் பெயரில் வேறொருவர் வாக்களித்திருந்தால் என்ன செய்வது என்று நான் பார்த்தவரை ஒரு வரியும் இல்லை.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை என்று சொன்னால் உண்மையாகாது. ஓட்டுப் போட்டுவிட்டு நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஊரில் எல்லோரும் பெரிய வாத்தியார் என்று அழைப்பவர், என்னவென்று விசாரித்தார். தாம் எத்தனையோ தேர்தல்களில் பணி பார்த்தவர் என்பதால் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "நீ வீட்டுக்குப் போயிட்டா ஒண்ணும் இல்ல. உள்ள போய்த் தலைமை அலுவலரைப் பாரு. டெண்டர் ஓட்டு வேணும்னு கேளு. நீ கேட்டா அவர் கொடுத்தாகணும்" என்றார்.

திரும்பப் போய்க் கேட்டபோது முதல் மேசை அலுவலர், "அதெல்லாம் சினிமாவுல வர்றதும்மா" என்றார். அவரை நான் நையாண்டி செய்வதற்காக இதை எழுதவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார் என்று நம்புகிறேன். 49-பி (49P) என்பது 'சர்கார்' படத்தின் வழியாகத் தமிழ்நாட்டு மக்கள் பலரின் காதில் விழுந்த எண். ஆனால் அது 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஒரு விதி. வாக்காளர் ஒருவரின் பெயரில் முன்பே வேறொருவர் வாக்களித்துச் சென்றிருக்க, அதன் பின் உண்மையான வாக்காளர் வந்து நின்றால், தலைமை அலுவலர் அவருடைய அடையாளம் குறித்துக் கேள்விகள் கேட்க வேண்டும். பதில்கள் திருப்தியாக இருந்தால், எந்திரத்தில் வாக்களிக்க விடுவதற்குப் பதிலாக, அவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைத் தர வேண்டும்; பெரிய வாத்தியார் சொன்ன டெண்டர் ஓட்டு இதுதான். அதற்கென்றே காகித வாக்குச்சீட்டுகள் ஒவ்வொரு சாவடிக்கும் பெட்டியோடு வருகின்றன. வாக்காளர் 17-பி படிவத்தில் தன் பெயருக்கு எதிரே கையொப்பமிட்டு, மறைவிடத்துக்குப் போய், முத்திரை குத்தி, மடித்துத் தலைமை அலுவலரிடம் தர வேண்டும். அவர் அதைத் தனி உறையில் வைப்பார். இது அலுவலர் விரும்பினால் செய்யும் சலுகை அன்று.

நான் நகராமல் நின்றதால் தலைமை அலுவலரே எழுந்து வந்தார். அடுத்த பத்து நிமிடங்களில் அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். முதலில் என்னை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். வாக்காளர் அட்டையை வாங்கி, என் முகத்தையும் அட்டையையும் பட்டியலில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா பெயர், தெரு, வீட்டில் வேறு யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று கேட்டார். பிறகு வாக்களிக்க வந்தவர்கள் கையொப்பமிடும் 17-ஏ பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி 412 என்ற எண்ணைத் தேடினார். கையொப்பம் இருந்தது. மாரிச்செல்வி என்று என் பெயர்தான், ஆனால் என் கையெழுத்து அன்று. அதன் அருகில் ஆதார் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. நான் கொண்டுபோனது வாக்காளர் அட்டை. அந்த நான்கு இலக்கங்களின் மேல் அவர் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் குலசாமியின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது வழக்கம். வாக்காளர் பட்டியலின் ஒரே பாகத்தில் ஏழெட்டு இசக்கியம்மாள், நாலைந்து சுடலைமுத்து, மூன்று மாரிச்செல்வி இருப்பார்கள். 421-ஆம் எண்ணில் இன்னொரு மாரிச்செல்வி இருந்தார்; வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர், எனக்கு மதினி முறை. காலை எட்டு மணிவாக்கில் கையால் எழுதிய சீட்டோடு அவர் வந்திருக்கிறார். 421 என்பதை 412 என்று படித்து, பெயரும் மாரிச்செல்வி என்றே இருந்ததால், கோடு என் பெயரில் விழுந்துவிட்டது. கள்ள ஓட்டு இல்லை, சதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகவர்களும் தங்கள் பட்டியலில் அதே 412-ஐத்தான் அடித்திருந்தார்கள். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்து ஒரு தரம் உரக்கப் படித்திருந்தால், படத்தை ஒரு தரம் பார்த்திருந்தால், இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அப்போது முகவர் அண்ணாச்சி ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "421 சும்மாதான சார் கெடக்கு. பேரும் ஒண்ணுதான். அதுல போடச் சொல்லிருங்க, கணக்கு நேராப் போயிரும்." அறையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசையாக இருந்தது. எந்திரத்தில் பொத்தானை அழுத்தி, விவிபாட் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும் அந்தச் சீட்டைப் பார்ப்பதற்குத்தானே மதுரை வரை நின்றுகொண்டு வந்தேன். தலைமை அலுவலர் மறுத்துவிட்டார். "அது இந்தப் பிள்ளையோட ஓட்டு இல்ல. ஒரு தப்பைச் சரி பண்ண இன்னொரு தப்பு பண்ணச் சொல்றீங்களா?" என்றார். இன்னொருவர் பெயரில் வாக்களிப்பது ஆள்மாறாட்டம். என் முதல் வாக்கை ஒரு குற்றமாக ஆக்கிவிடாமல் அவர் காத்தார் என்பது அன்று எனக்கு முழுமையாகப் புரியவில்லை. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நீளமான வாக்குச்சீட்டு ஒன்றைத் தந்தார். பின்பக்கம் அது ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்று குறிக்கப்பட்டிருந்தது. விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைவுக்குப் பின்னால் குனிந்து, அம்பு முனைகள் கொண்ட அந்த ரப்பர் முத்திரையைக் குத்தினேன். மை மறுபக்கச் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து காய்வதற்காக ஊதினேன். மடித்துக் கொடுத்தேன். பகல் ஒன்றரை மணிக்கு வெளியே வந்தபோது, பெரிய வாத்தியார் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

என் சித்தி ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. அன்று வேறொரு தொகுதியில் அவருக்கும் தேர்தல் பணி. மறுநாள் தொலைபேசியில் நான் பெருமையோடு இதைச் சொன்னபோதுதான் அவர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: ஆய்வுக்குரிய வாக்குகள் வாக்கு எண்ணிக்கையில் சேர்வதில்லை. அந்த உறை எண்ணும் நாளில் திறக்கப்படுவதில்லை. முடிவு வந்த 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்கு ஒன்று தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அது வெளிச்சத்துக்கு வரும். இல்லையென்றால் குறிப்பிட்ட காலம் பாதுகாக்கப்பட்டுப் பிறகு அழிக்கப்படும்.

இதைத் தலைமை அலுவலர் என்னிடம் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டவர் மீது எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை அதுதான். ஆறுதலுக்காக மறைத்தாரா, அவசரத்தில் விட்டாரா, தெரியாது. சொல்லியிருந்தாலும் நான் அந்தச் சீட்டை வாங்கி முத்திரை குத்தியிருப்பேன். ஏனென்றால் 17-பி படிவத்தில் என் கையொப்பம் இருக்கும் வரை, 412-ஆம் எண்ணுக்குரியவள் நேரில் வந்தாள், அவளுக்கு எந்திரத்தில் வாக்களிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதற்கு அரசிடமே ஒரு சான்று இருக்கும். "ஓட்டு விழுந்துவிட்டது" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தச் சான்றும் இருந்திருக்காது. எத்தனை பேர் அப்படித் திரும்பிப் போகிறார்கள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடுவதில்லை.

ஒரு வாக்கில் என்ன இருக்கிறது என்று எங்கள் விடுதியிலேயே கேட்டார்கள். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2021-இல் தியாகராய நகரின் முடிவு 137 வாக்குகளில் அமைந்தது. இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு நெருக்கமானது எங்கள் மாவட்டத்து ராதாபுரம். 2016-இல் அங்கே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே 49 வாக்குகள். வழக்கின் மையத்தில் இருந்தவையோ 203 தபால் வாக்குகள். சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்ற கேள்வியால் எண்ணாமல் ஒதுக்கப்பட்டவை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை எண்ணச் சொன்னது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தபால் வாக்கு என்பது பெரும்பாலும் உங்களைப் போன்று தேர்தல் பணிக்குச் சென்றவர்களின் வாக்கு. ஊருக்கெல்லாம் தேர்தல் நடத்திக் கொடுத்துவிட்டுத் தன் வாக்கு ஒரு மேசையில் தள்ளிவைக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. சித்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். முந்தைய நாளே எந்திரங்களோடு போய் இறங்கி, கழிப்பறைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, கொசுக்கடியில் வகுப்பறைத் தரையில் படுத்து, விடியற்காலையில் எழுந்து முகவர்கள் முன்னால் 50 வாக்குகள் பதிந்து மாதிரி வாக்குப்பதிவை முடித்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் மாலை ஆறு வரை நிமிர நேரமில்லை. அன்றைய கணக்கில் ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர்கள் வரை இருக்கலாம்; பின்னர் அதை 1,200 ஆகக் குறைக்க ஆணையம் முடிவெடுத்தது. 1,500 பேரில் 70 விழுக்காட்டினர் வந்தாலே ஒருவருக்கு 40 நொடிகூட வராது. அந்த 40 நொடிக்குள் எண்ணையும் பெயரையும் படத்தையும் பாருங்கள் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், எண்ணையும் பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் சேர்த்துப் படிக்க ஐந்து நொடி போதும். முகவர்கள் காதில் விழும்படி அதைப் படித்தால், தவறு நடக்கும்போதே யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்.

அதையும் மீறித் தவறு நடந்துவிட்டால், முதல் மேசையிலேயே முடிவு சொல்லாதீர்கள். "கொஞ்சம் இப்படி ஓரமா நில்லும்மா, தலைமை அலுவலர் பார்ப்பார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்திருந்தால் மரத்தடியில் ஒரு பெரியவர் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து என் உரிமை அமைந்திருக்காது. தலைமை அலுவலராக இருப்பவர்கள் வாக்குச்சீட்டைக் கையில் தரும்போதே, இது தனி உறையில் போகும், நீதிமன்றம் சொன்னாலன்றி எண்ணப்படாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அதைத் தாங்கும் வயது வந்துவிட்டது. அதனால்தான் சட்டம் எங்களுக்கு வாக்குரிமை தந்திருக்கிறது.

சித்தி மூன்று பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வந்தார். எந்திரத்தை இணைப்பது, முத்திரை வைப்பது, படிவங்களை எந்த உறையில் போடுவது என்று எல்லாமும் செய்து காட்டினார்களாம். ஆய்வுக்குரிய வாக்கு பற்றிக் கேட்டதற்கு, கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். அடுத்த பயிற்சி வகுப்பில் நீங்கள் அமரும்போது, யாராவது ஒருவர் எழுந்து, அந்தப் படிவத்தையும் அந்த உறையையும் வெளியே எடுத்து வைத்து, ஒருவரை வாக்காளராக நிற்கவைத்து, ஒரு தரம் முழுமையாகச் செய்து காட்டும்படி கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
மாரிச்செல்வி
(பாகத்தில் வரிசை எண் 412)
திருநெல்வேலி மாவட்டம்